ஒரு இழுவைக்கு ஒரு வேலை

...காலை எடுங்கோ அண்ணை, காலை எடுங்கோ! உந்தப் பெட்டி விழுந்தால் பெருவிரல் சப்பளிஞ்சு போகும். பாக்கச் சின்னப் பெட்டி, உள்ளுக்கு முழு வார்ப்பிரும்பு. வீட்டில இருந்து பஸ் ஸ்ரொப்புக்குக் கொண்டு வாறதுக்குள்ள எனக்கு நாரி விட்டுப்போச்சு. டிரைவர் பாத்த பார்வையைக் கண்டியளே? நான் என்னவோ அவன்ர பஸ்ஸை முறிக்க வந்தவள் மாதிரி. ஒரு கை குடுத்திருக்கலாம்... செய்யான். நீங்கள் எண்டபடியால் எழும்பி வந்தியள். ஏறேக்கையே கண்டிட்டன், தமிழ் முகம் எண்டு. வேலைக்கோ? பின்னேரச் சிவ்ற்றோ? ம்ம். வெளிநாடு எண்டு வந்தாப் பிறகு மல்வேர்ன்ல ஆர் வேலைக்குப் போகாமல் இருக்கினம்.

என்ன சாமானோ? துவக்குக்குத் தோட்டா அடைக்கிற பிறெஸ்.

ஏன் அங்கால இங்கால பாக்கிறியள்? உந்த வெள்ளையளுக்கு எங்கட பாசை விளங்கப்போகுதே! பயப்பிடாதேங்கோ, வெடிமருந்து ஒண்டும் இல்லை, வெறும் இரும்பு. எல்லாம் சட்டப்படிதான். சோதினை எழுதி, பொலிசுக்குப் படம் குடுத்து, லைசென்ஸ் எடுத்துத்தான் இவர் துவக்கே வாங்கினவர். இவர் எண்டால் என்ர மனுசன். ஊரில நாங்கள் தம்பலகாமம். அங்க இவர் கந்தோரில கிளாக்கர். பகலில பேனை, பொழுதுபட்டால் வேட்டைத் துவக்கு. இங்க வந்த சனம் முதல்ல வேலை தேடிச்சு, பிறகு வீடு தேடிச்சு. என்ர மச்சாள் ஜெயமலர் வந்த கையோட பிறம்ரன்ல வீடு வாங்கி, கார் விடுற கறாச்சுக்கு ஒரு கதவு, அந்தக் கதவைத் துறக்க ஒரு பட்டன். இவர் என்ன தேடினார்? மான் தேடினார்!

கேளுங்கோ. சுட்ட தோட்டாவின்ர பித்தளைக் கோது இருக்கெல்லோ, அதை எறியிறேல்லையாம். பழைய கேப்பை, அதுதான் அடியில இருந்து வெடியைப் பத்தவைக்கிற சின்ன மூடி, அதைத் தள்ளி எடுத்து, கோதை நெரிச்சு அளவாக்கி, புதுக் கேப்பு வைச்சு, மருந்து விட்டு, மேல சன்னத்தை வைச்சு அமத்தினால் திரும்பத் தோட்டா. அதுக்குத்தான் இந்தப் பிறெஸ். கைபிடியை ஒருக்கா இழுத்தால் ஒரு வேலை நடக்கும். அடுத்த வேலைக்கு அச்சைக் கழட்டி வேற அச்சுப் பூட்டி, எல்லாக் கோதையும் திரும்ப முதல்ல இருந்து இழுக்கவேணும். ஒரு இழுவைக்கு ஒரு வேலை. இவரை மாதிரியே! சோத்தைப் பாத்துக்கொண்டு பிள்ளையையும் பாருங்கோ எண்டு விட்டிட்டுப் போனால், சோறு பதமா இருக்கும், பிள்ளை றோட்டில நிக்கும்.

எல்லாத்தையும் ஒரே இழுவையில செய்யிற மெசினும் இருக்காம். ஏன் அதை வாங்கேல்லை எண்டு கேட்டன். "அது அவசரக்காரருக்கு, புஸ்பம்" எண்டார். ஓமோம், இவருக்கு என்ன அவசரம். பேஸ்மென்ற்றில இறங்கினால் சாப்பிடக் கூப்பிட நான் நிலத்தில உலக்கையால இடிக்கவேணும்.

முதல் ஒரு பிறெஸ் வைச்சிருந்தவர். அலுமினியம். இவர் தகடு வெட்டுற பக்ரறியில போமன் கோர்டன் குடுத்த பழசு. நல்லாத்தான் வேலை செய்தது. இல்லையாம், ஆடுதாம், அமத்தேக்க வளையுதாம், சன்னம் நேரா இருக்குதில்லையாம். மயிரிழை பிசகினாலும் மானுக்குத் தெரியுமாம். மான் என்ன அடிமட்டம் வைச்சுக்கொண்டோ நிக்குது எண்டு கேட்டன். உந்தப் புதுசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தார் பாருங்கோ, எங்கட மூத்தவளை ஆஸ்பத்திரியால கொண்டு வரேக்க கூட அப்பிடிப் பிடிக்கேல்லை. இதைப் பூட்ட அசையாத மேசை வேணுமாம். வீட்டில அசையாத மேசை எது? என்ர தையல்மெசின் மேசை! நான் லோண்டரிக்குப் போட்டு வாறன், மேசையில துளை. மரத்தூளைக் கையால வழிச்சுக்கொண்டு, "வடிவா இருந்திட்டுது, புஸ்பம்" எண்டு சிரிக்கிறார். விசர் மனுசன்.

பிறகு சனத்தின்ர கதை. யோகமலர் எண்டு ஒருத்தி, கோயிலில வைச்சு என்ர காதுக்குள்ள, "அக்கா, உங்கட வீட்டில குண்டு செய்யினமாம்" எண்டாள். மோதகத்தை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு கேக்கிறாள் அண்ணை! அது காணாதெண்டு ஒரு நாள் இயக்கத்து ஆளாம், மீசை வைச்ச ஒண்டு, வீட்டை வந்து, இவரைத் தனியக் கூப்பிட்டு, "அண்ணை, உங்கட திறமை இங்க வீணாப் போகுது" எண்டிச்சாம். இவர் அந்த ஆளைப் பேஸ்மென்ற்றில இருத்தி, கோது துடைக்கிற விதத்தைப் பொழுதுபடுமட்டும் விளங்கப்படுத்தியிருக்கிறார். பிறகு அந்த ஆள் எங்கட ஒழுங்கைப் பக்கமே வாறேல்லை.

என்ன... ஏதோ சொல்ல வாறியள். பொறுங்கோ, நான் முடிக்கிறன், இல்லாட்டி விட்ட இடம் மறந்துபோம்.

இந்தமுறைதான் முதல்தரமா கோர்டன் இவரை வடக்க காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். வேட்டைக் காம்ப். அத்தினை வெள்ளையளுக்குள்ள எங்கட ஆள் ஒண்டுதான். கோர்டன் சொன்னானாம், "தோட்டா எல்லாருக்கும் நீயே அடைச்சுத் தா, எனக்கு உன்ர கையில நம்பிக்கை" எண்டு. இவர் அதைச் சாப்பிடேக்கயும் சொல்லி, படுக்கேக்கயும் சொல்லி... நானும் சரி எண்டு இறைச்சியை மிளகாய்த்தூளில பிரட்டி ஒரு பெட்டி ரோல்ஸ் செய்து குடுத்துவிட்டனான்.

விடியக் காலமை. கொம்பு வைச்ச பெரிய மான். கோர்டனுக்கு நேரை வந்து நிண்டதாம். அவன் மூச்சை அடக்கி, குறி பாத்து, அமத்தினான்.

டிக்.

அவ்வளவுதான் அண்ணை. வெடி இல்லை, புகை இல்லை. மான் திரும்பி அவனை ஒருக்கா வடிவாப் பாத்ததாம். அடுத்த தோட்டாவை ஏத்தினான். டிக். மான் நடந்தே போட்டுதாம். ஓடக்கூட இல்லை! பிறகு காம்பில நிண்ட எல்லாற்ற துவக்கும் டிக், டிக், டிக். கோர்டன் வாற வழி முழுக்க றேடியோவைப் போட்டிட்டு றோட்டைப் பாத்துக்கொண்டு வந்தானாம்.

அது பக்ரறிக்குத் தெரியாமல் போகுமே? இப்ப இவருக்கு அங்க என்ன பேர் தெரியுமோ? வெத்துவெடி இராசதுரை! வெள்ளையள் வைக்கேல்லை அண்ணை, எங்கட ஆக்கள்தான். தங்களுக்கு வாற சம்பளத்தில கொஞ்சம் வெட்டினாலும் வாய் துறவாதுகள், உதுக்கு எண்டால் நல்லா வாய் துறக்கும். தண்ணி குடிக்கப் போனால் "டிக்". லொக்கரைப் பூட்டினால் "டிக்". நல்லாத்தான் சிரிக்கிறியள்! சிரியுங்கோ, நானும் முதல் நாள் சிரிச்சனான். அவர் மேல சொக்ஸைக் கழட்டிக்கொண்டிருக்கிறார், நான் குசினிக்குள்ள வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன்.

பிறகு சிரிப்பு வரேல்லை. மனுசன் பேஸ்மென்ற்றுக்கு இறங்கிறேல்லை. ரீவிக்கு முன்னால இருந்து கையை விரிச்சு விரிச்சுப் பாக்கிறது. ஊசிக்கு நூல் கோத்துத் தாங்கோ எண்டு கேட்டன், "வேண்டாம், நீயே கோர்" எண்டுது. கட்டி இவ்வளவு காலம், என்ர ஊசிக்கு நூல் கோத்தது அந்தக் கைதான். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில சொல்லுறார், "புஸ்பம், கை போட்டுது. நாளைக்குக் கோர்டனிட்டச் சொல்லி வெட்டுற மெசினை விட்டிட்டு, பெட்டி கட்டுற பக்கம் மாறப்போறன்" எண்டு. பெட்டி கட்டுறது! தகடு வெட்டுறதில அந்தப் பக்ரறியிலயே கெட்டிக்காரன் எண்டு பேர் எடுத்த மனுசன், மூலைக்குள்ள நிண்டு ரேப் ஒட்டப்போகுது. ஒரு நாள் பொறுங்கோ எண்டு கெஞ்சி மறிச்சு வைச்சிருக்கிறன். நாளைக்குக் கேப்பார்.

அதுதான் இதைக் கழட்டிக்கொண்டு வெளிக்கிட்டனான். வாங்கின கடையில கொண்டுபோய்ப் போட்டு, மெசினில பிழை எண்டு அவனைக் கொண்டு சொல்லுவிக்கப்போறன். அவன் சொல்லமாட்டான், தெரியும். கல்லு மாதிரி இரும்பு, இதில என்ன பிழை. அவன் சொல்லாட்டிலும் பரவாயில்லை. அவன் சொன்னதைக் கேட்டனான் எண்டு இவருக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் காணும். நான் சொன்னால் நம்பார். ஒரு மரியாதையான, வயசான ஆம்பிளை சொன்னால்... உங்களைப் போல. பொய் எண்டு நினைக்காதேங்கோ அண்ணை. இது ஒரு மனுசன்ர கை.

ஆ? இல்லை... மெசினில பிழை இல்லாட்டி அப்ப எதில பிழை எண்டு கேக்கிறியளோ?

...உங்களுக்குச் சொன்னால் என்ன. நீங்கள் ஆரோ, நான் ஆரோ.

ஆயுத பூசையண்டு அண்ணை. இவர் வேலைக்குப் போட்டார். கும்பத்துக்குப் பக்கத்தில பிள்ளையளின்ர புத்தகம், என்ர கத்தரிக்கோல், அரிவாள் எல்லாம் வைச்சன். கீழ போய்ப் பாத்தால் இது நிக்குது, புத்தம்புதுசா. நான் எவ்வளவு திட்டினாலும் அது இவற்ற ஆயுதமெல்லோ? சும்மா விடலாமே? பொட்டு வைச்சன், பூ வைச்சன். பக்கத்தில கேப்புப் பெட்டியள். துறந்து பாத்தன், சின்னச் சின்னச் சட்டைப் பொத்தான் மாதிரி, வடிவு. ஒவ்வொண்டாக் கையில எடுத்து ஒரு சொட்டு நல்லெண்ணை பூசி, சந்தனம் வைச்சு, குங்குமம் வைச்சு... ஒண்டையும் விடேல்லை. முதல் முதலா வெள்ளையளோட போறார், இவற்ற கைக்கு ஒரு பிழையும் வரக்கூடாது தாயே எண்டு கும்பிட்டுக் கும்பிட்டு வைச்சன். நாரி முறிஞ்சுபோச்சு. பிறகு இவர் கண்டால் பேசுவார் எண்டு பொட்டுத் தெரியாமல் துடைச்சு, இருந்தபடியே அடுக்கிப்போட்டன். பொட்டைத் துடைக்கலாம், எண்ணெய் போகுமே.

காட்டால வந்த அண்டைக்குக் கேட்டவர். "புஸ்பம், கேப்புகளில எண்ணெய் கிண்ணெய் ஏதும் பட்டதோ? பட்டால் செத்துப்போம்" எண்டு. நான் அரிசி களைஞ்சுகொண்டு நிண்டனான். உந்தச் சனியனை நான் ஏன் தொடுறன் எண்டு பாய்ஞ்சு விழுந்தன். வாய் முந்திப்போச்சு. இவர் என்ன செய்தார் தெரியுமோ? நம்பினார். திருப்பி ஒரு கேள்வி இல்லை. "அப்ப என்ர கைதான்" எண்டார்.

பேசியிருக்கலாம் அண்ணை. நீதான் தொட்டிருப்பாய் எண்டு ஒருக்காச் சந்தேகப்பட்டிருந்தால் நான் சண்டை பிடிச்சுக்கொண்டாவது சொல்லியிருப்பன். நம்பிற மனுசனிட்ட என்னெண்டு சொல்லுறது?

என்ன எழும்புறியள்? இருங்கோ, கடை இன்னும் அங்காலயெல்லோ. இதோ உங்கட ஸ்ரொப்? இல்லை, வேலைக்குப் பிந்தும்தான்... ஒரு அரை மணித்தியாலம், சும்மா வந்து தலையை ஆட்டினால் காணும்... அண்ணை, கோட்டுப் பொத்தானைப் பூட்டுங்கோ, வெளியில குளிரெ...

...அது என்ன சேட்டு?

அந்தப் பொக்கற்றில தைச்சிருக்கிற பக்ரறிப் பேர்... நான் கிழமைக்குக் கிழமை தோய்க்கிற சேட்டெல்லோ உது! அண்ணை! நீங்களும் அங்கயோ? அப்ப இவரை... அண்ணை, பொறுங்கோ! டிரைவர், ஸ்ரொப், ஸ்ரொப்!... பூட்டிப்போட்டான் கதவை. அங்க பார், போற மனுசன் திரும்பிச் சிரிச்சுக் கை காட்டுது.

தெரிஞ்சுகொண்டே இருந்திருக்கிறான். சொல்ல வாறன் சொல்ல வாறன் எண்டவனை நான் எங்க சொல்ல விட்டன்? இவர் இப்ப சிவ்ற் முடிஞ்சு லொக்கரடியில முகம் கழுவிக்கொண்டு நிப்பார். இந்த ஆள் நேர அங்கதான் போகும். எண்ணெய், சந்தனம், குங்குமம், அரிசி களைஞ்சது... எல்லாம் இப்ப பக்ரறி முழுக்கப் போகும்.

ஐயோ, என்ர தாயே.

...சரி. சொல்லட்டும். என்ர வாயால வராது. தேத்தண்ணி குடுக்கேக்கச் சொல்லுவம், லைற் நூத்தாப் பிறகு சொல்லுவம் எண்டு ஒவ்வொரு நாளும் முயற்சி பண்ணிப் பாத்திட்டன், வரேல்லை. அவங்கள் எல்லாரும் சேந்து இவருக்கு வைச்ச பேரை எனக்கு வைக்கட்டும். யோகமலர் கோயிலில வைச்சு என்னவும் கேக்கட்டும். மனுசன் நாளைக்கு அந்த வெட்டுற மெசினில கை வைச்சால் எனக்குக் காணும்.