கையில் வைத்த கூமுட்டை

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தொன்பது. மகளிர் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். மணமாகவில்லை. அம்மாவுடன் வசிக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த கனலிக்கல் கிடங்கு எரிந்து காவலாளி இறந்தது தொடர்பாக ஆய்வாளர் கேட்டதன் பேரில், எனக்குத் தெரிந்ததை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். எழுத்தர் எழுதிக்கொள்கிறார்.

ஆய்வாளர் இந்த ஊருக்குப் புதியவர் என்பதால் கல்லைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஊருக்கு வெளியே உள்ள சுரங்கத்தில் எடுக்கப்படும் கனலிக்கல் ஆலை உலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. உயிருள்ள கல், கோழி அப்போதுதான் இட்ட முட்டையைப் போல இளஞ்சூடாக இருக்கும். அதனால் ஊரில் எல்லோரும் அதை முட்டை என்றே சொல்கிறார்கள். ஈரமாக இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. காய்ந்து, காற்றுப் பட்டு, எதிலாவது மோதினால் வெடித்து எரியும். ஆகவே ஈரச் சாக்கில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் வைப்பார்கள். லாரி போன வழியில் ஈரக் கோடு கிடக்கும். கோடு காய்ந்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தெருவில் நடக்கமாட்டார்கள். சில கற்களில் இருக்கும் வாயு மண்ணுக்குள்ளேயே எப்போதோ வெளியேறிப் போயிருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் சூடும் இல்லை, தீயும் பிடிக்காது. அவற்றைக் கூமுட்டை என்பார்கள். சுரங்கத்துக்குப் பின்னால் அவை குன்றுபோலக் குவிந்து கிடக்கின்றன. யாரும் சீந்துவதில்லை.

கல் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியை எனக்குக் கல்லூரி விடுதிக் காலத்திலிருந்து தெரியும். நாங்கள் ஒரே அறை. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு மைனா என்று பெயர். எதையும் கேள்வி கேட்பதால் எனக்குச் சந்தேகம் என்று பெயர். பெயர்களை வைத்தவள் அவள்தான். விடுதிப் பாலை நான் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மாடி முழுவதும் குடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். என் அப்பா இறந்தபோது மருத்துவமனை வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். என் அம்மா அவளை மூத்தவள் என்பார். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததும், தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த மரக்கிடங்கை நிறுவனம் கல் வைக்கக் கேட்டது. தெருக்காரர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். மூன்று பக்கமும் வீடுகள், தண்ணீர்த் தொட்டி கட்ட இடமும் இல்லை. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனா வீட்டுக்கு வந்து, நிறுவனம் புதிதாக ஒரு பூச்சு கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாள்.

“பூசிட்டா முட்டை தூங்கிடும்டி. சூடு வெளிய வராது, காத்து உள்ள போகாது. தண்ணியே வேண்டாம், மூட்டை மேல மூட்டை அடுக்கலாம்” என்றாள்.

யார் சோதித்தது என்று கேட்டேன். அவள் அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஆரம்பிச்சுட்டா பாருங்கம்மா உங்க பொண்ணு” என்று அம்மாவிடம் சொன்னாள். அதன் பிறகு என்னிடம், “நீயே சோதிச்சுக்கோ தாயே. நீ சரின்னு சொன்னாதான் நானே நம்புவேன்” என்றாள்.

அடுத்த வாரம் பூச்சுப் பூசிய கற்கள் ஒரு பெட்டியில் அவள் கையாலேயே கல்லூரிக்கு வந்தன. நான் அவற்றை அடுப்பில் உலர்த்தினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, இரும்புத் தட்டின் மேல் உயரத்திலிருந்து விழவைத்தேன். நத்தை ஓடு போலக் கெட்டியாக இருந்த பூச்சில் கீறல்கூட விழவில்லை. பூச்சைச் சுரண்டி உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையில் இருந்த கத்தியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள்.

“லூசாடி நீ? சுரண்டினா முழிச்சுக்கும். கண்ணு போயிடும். உனக்கு ஒண்ணுன்னா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

சுரண்டமாட்டேன் என்று என்னைச் சொல்லவைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் பயந்தது எனக்காக என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே சுரண்டவில்லை.

அதன் பிறகு பள்ளி மைதானத்தில் தெருக்காரர்களின் கூட்டம் நடந்தது. எங்கள் தெருத் தையல்காரம்மா எழுந்து, “பூச்சு கீச்சுன்னு பேசறீங்களே, உங்கள்ல யாராவது அதைக் கையில வச்சிருப்பீங்களா?” என்று கேட்டார். மைனா என்னை மேடைக்கு அழைத்தாள். ஏற்கெனவே பேசி வைக்காதது போல அழைத்தாள். ஆனால் முந்தின நாளே என்னிடம் கேட்டுவிட்டிருந்தாள். நான் மேடையேறி, அவள் கொடுத்த கல்லை வெறும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அவள் பேசி முடிக்கும்வரை அது என் கையில் இருந்தது. குளிர்ச்சியாகவே இருந்தது. பூச்சின் வேலை அதுதான் என்பதால் எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஓர் ஆண் குரல், “கூமுட்டையா இருக்கப்போவுது, நல்லாப் பாருங்க!” என்றது.

மைனா ஒலிபெருக்கியிலேயே, “யாரைச் சொல்றீங்க அண்ணே? கல்லையா, எங்க டீச்சரையா?” என்று கேட்டாள். மைதானம் முழுவதும் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. அந்த நிமிடம் நான் என் முகத்தைப் பற்றித்தான் யோசித்தேன், கல்லைப் பற்றி அல்ல. அதன் பிறகு அவள் சொன்னபடி கல்லைச் சிமென்ட் தரையில் போட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கல் உருண்டு மைக் கம்பியில் முட்டி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தையல்காரம்மா, “டீச்சர் தண்ணி குடிக்கிறதுக்கே தம்ளரை மூணு தடவை திருப்பிப் பாக்கறவங்க. அவங்களே கையில வச்சுட்டாங்கன்னா அப்புறம் என்ன?” என்று சொல்லிக் கையைத் தூக்கினார். அதன் பிறகு மற்றவர்களும் தூக்கினார்கள். அவருடைய கணவருக்குக் கிடங்குக் காவலாளி வேலை கிடைத்தது.

மேடையில் நான் பிடித்த கல்லை மைனா எனக்கே கொடுத்தாள். “வச்சுக்கோடி, காகிதம் பறக்காம இருக்கும்” என்றாள். கல்லூரியில் என் மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

கிடங்கு கோடையில் எரிந்தது. தகரக் கூரை. மதியச் சாப்பாட்டு நேரம். நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற சத்தம் கேட்டது. வெளியே ஓடிப் பார்த்தபோது கிடங்கின் இரும்புக் கதவு மூடியிருந்தது, தையல்காரம்மா அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கைப்பிடி சிவந்திருந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரை அங்கிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய கணவர் உள்ளே இருந்தார்.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அம்மா, “மூத்தவ வந்துட்டுப் போனா. உன் அலமாரியில என்னமோ தேடினா. காப்பி குடின்னேன், நேரமில்லன்னுட்டா” என்றார். எங்கள் வீட்டில் அவள் காப்பி குடிக்காமல் போனது அதுவே முதல் தடவை. அன்று மாலை அவளே தொலைபேசியில் அழைத்தாள். தெருவில் யார் பிழைத்தார்கள் என்று கேட்கவில்லை. எனக்கு ஏதாவது ஆயிற்றா என்றும் கேட்கவில்லை.

“அந்தக் கல்லு இன்னும் உன்கிட்டதானே இருக்கு?” என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. மைனா பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. அந்தக் கல் என்ன கல் என்று கேட்டேன்.

“என்னை எதுக்குடி கேக்கற? நான் சும்மா கொண்டு வந்து குடுத்தவ. சோதிச்சது நீ, கையில வச்சது நீ. சந்தேகப்படறதுதானே உன் பொழப்பு? இந்த ஒரு தடவை ஏன்டி படல?”

ரிசீவரை வைத்துவிட்டேன்.

இதுவரை நான் அவள் என்று சொன்னதை எழுத்தர் அப்படியே எழுதியிருக்கிறார். இனி அவர் என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு கல்லூரிக்குப் போய், இழுப்பறையில் கிடந்த அதே கத்தியை எடுத்து, மேசை மேல் இருந்த கல்லின் பூச்சைச் சுரண்டினேன். உள்ளே சூடில்லை. காய்ந்த கல்லைச் சுத்தியலால் தட்டினேன். ஒரு பக்கம் பிளந்தது, பொறிகூட வரவில்லை. கூமுட்டை. சோதனைக்கு வந்த பெட்டியில் மிச்சமிருந்த கற்களையும் சுரண்டினேன். அவையும் அப்படியே. உயிருள்ள கல்லின் உள்சூட்டில் பூச்சு விரிந்து வெடிப்பு விடும் என்பது நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் எனக்குச் சூடில்லாத கற்களைத் தேர்ந்து கொடுத்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஊகம் என்றே எழுதச் சொன்னேன். மக்கள் தொடர்பு அதிகாரி சுரண்டவேண்டாம் என்று என்னைத் தடுத்தது ஊகம் அல்ல.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். தையல்காரம்மாவின் இரண்டு கைகளும் தோள்வரை கட்டப்பட்டிருந்தன. நான் சொல்ல நினைத்ததைத் தொடங்கும் முன்பே அவர், “கையக் காட்டுங்க டீச்சர்” என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “ஒண்ணும் ஆகல இல்ல உங்க கைக்கு?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

நான் சுதந்திரமான நிபுணர் என்றும் என் சோதனையை நம்பியே கிடங்கு திறக்கப்பட்டது என்றும் நிறுவனம் கொடுத்திருக்கும் விளக்கத்தை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் மக்கள் தொடர்பு அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. என் பெயரை அவர் முழுதாக, பட்டத்தோடு எழுதியிருக்கிறார். நான் சோதித்ததும் கையில் வைத்ததும் உண்மை. அதற்கான தண்டனை எதுவானாலும் அதைப் பற்றி நான் இங்கு பேச வரவில்லை. வேறு இரண்டு தெருக்களில் இதே பூச்சை நம்பித் தண்ணீர் இல்லாமல் கல் அடுக்கியிருக்கிறார்கள். கோடை முடியவில்லை. அந்தத் தெருக்களின் சுவர்களில் என் படம் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையில் கல்லோடு நிற்கிறேன். “டீச்சரே பயப்படவில்லை, நீங்கள் ஏன்?” என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள்.

சாட்சியமாகக் கல்லைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எழுத்தர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆய்வாளர், “மேடம், முதல்ல அதை வெளிய வைங்க” என்றார். இது எரியாது, கூமுட்டை என்று சொன்னேன்.

எழுத்தர் வாசற்படியில் நின்றபடியே, “போஸ்டர்லயும் இப்படிக் கையில வச்சுக்கிட்டுதானே மேடம் சொல்றீங்க” என்றார்.

அவர் சொன்னது நியாயம். என் கையை யாரும் நம்பவேண்டியதில்லை. எனக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு இந்தக் கல்லைச் சோதிக்க வேண்டும். என் படங்களை இன்றே கிழித்துவிட வேண்டும். இந்த ஒரு கல்லுக்காகக் காவலர் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். கல்லை அதில் போட்ட பிறகுதான் எழுத்தர் வந்து உட்கார்ந்தார். அந்த இரண்டு கிடங்குகளிலும் அதையே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. இவை யாவும் நான் கண்டவை, செய்தவை, என்னிடம் சொல்லப்பட்டவை என்பதற்கு நான் பொறுப்பேற்று இந்தக் கையெழுத்தை இடுகிறேன்.

(ஒப்பம்)
கல்லூரி ஆசிரியை

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
ஆய்வாளர்

ஒப்படைக்கப்பட்ட பொருள்: ஒரு பக்கம் பிளந்த, பூச்சுச் சுரண்டிய கனலிக்கல் ஒன்று. தண்ணீரில் வைக்கப்பட்டுள்ளது.