இருபது வருஷம் லூபென் இல்லாம

— மறுபடியும் பச்சையா வருதே அக்கா.

— பச்சை இல்லடா ஓக்னியான், கடல் நிறம். பிரிண்டர்ல சிவப்பு மை தீர்ந்துடுச்சு, அவ்வளவுதான். பாரேன், நீ முதல் நாள் பள்ளிக்கூடம் போறே. கையில டீச்சருக்குப் பூங்கொத்து. கடலுக்கடியில நடந்து போற மாதிரி இல்ல?

— மூச்சு முட்டுற மாதிரி இருக்கு.

— ஓரத்தைப் பிடிச்சு எடு, ஈரம். கட்டில்ல காயப்போடு.

— கட்டில்ல எங்க இடம்? அடுப்பு மேல, தலையணை மேல, ஜன்னல் கட்டையில, எங்க பாத்தாலும் நாமதான் சிரிச்சுக்கிட்டு இருக்கோம். ஃபேனையாவது போடவா? வேகுது.

— போட்டே, நூத்தி எண்பது படமும் பால்கனி வழியா பறந்து லிண்டன் மரத்துல உக்காந்துடும். அப்புறம் தெருவே நம்மளப் பூப்பறிக்கிற மாதிரி பறிக்கணும்.

— வேலையத்த வேலை அக்கா இது. நாலு மாடி ஏறி வர்ற மனுஷன் மூச்சு வாங்குவாரா, சுவத்துல படம் பாப்பாரா?

— பாப்பாரு. கீழ்ப் படியில உனக்கு அஞ்சு வயசு, எனக்கு ஒம்பது. அப்பா ஸ்பெயினுக்குப் பஸ் ஏறின மாசம். ஒரு படி ஏறினா உனக்குப் பல்லு விழுது. இன்னொரு படி, நான் சைக்கிள் ஓட்டறேன். அடுத்த மாடியில உனக்கு மீசை. இப்படியே இருபது வருஷத்தையும் நடந்து ஏறி வந்து, நம்ம கதவைத் தொட்டா, உள்ள நாம இந்த வயசுல நிப்போம்.

— கனவு காணு. அப்பப்போ ஒரு படம் அனுப்பியிருந்தா இந்தப் பாடு வேணாமே.

— அம்மா விட்டாளா? அந்த ஆளு கண்ணுல என் பிள்ளைங்க நிழல்கூடப் படக்கூடாதுன்னா.

— அந்த அம்மா செத்தப்போ அவரு வந்தாரா அக்கா? ஒரு டின் ஆலிவ் எண்ணெய் வந்துச்சு. அதை வச்சு நான் என்ன பண்ண, சாமி விளக்கு ஏத்தவா? நாலு மணி பஸ்ல அவரு இறங்கட்டும், நான் ஏரிப்பக்கம் போயிடறேன். படத்துல பாத்துக்கச் சொல்லு.

— நீ இல்லாம நான் மட்டும் கதவைத் திறந்தா அவரு வாசல்லயே நின்னுடுவாருடா. வந்த வழியே திரும்பிடுவாரு. இன்னைக்கு விட்டா இனிமே வரமாட்டாரு. எனக்கு அப்பா வேணும்.

— எனக்கு வேணாம். என்ன சத்தம் அது, மிஷின் இருமுது?

— நீலமும் போச்சு, மஞ்சளும் போச்சு. நல்லவேளை, ஒரே ஒரு படம்தான் பாக்கி. அவரோடது. கீழ வாசக்கதவுல ஒட்டறதுக்கு. கருப்பு மட்டும் போதும்டா, பாரேன், எவ்வளவு அழகா இருந்திருக்காரு. ஓரம் வெட்டுப்படுது, சுத்தி ஒரு கட்டம் போட்டுடறேன். கீழ என்ன எழுதட்டும்?

— எதையோ எழுது.

— 'இருபது வருஷம் லூபென் இல்லாம.' திட்டும் இல்ல, கெஞ்சலும் இல்ல. இல்லையா?

— மூணு நாளா தூங்காம என்னென்னவோ பேசற. கொண்டுபோய் ஒட்டு, மத்ததெல்லாம் நான் எடுத்துத் தரேன். கடைசியா ஒரு தடவை.

— இப்போ நிம்மதி. வாசல்லேர்ந்து நாலாவது மாடி வரைக்கும் ஒட்டியாச்சு ஓக்னியான். ஏறி வர்றப்போ எனக்கே தலை சுத்துச்சு. லிண்டன் வாசனை வேற. சுவத்துக்குள்ள ஒரு தண்ணி இருக்கு, அதுல நாம வளந்துக்கிட்டே மேல வர்றோம்.

— மணி நாலரை. நான் கிளம்பறேன்.

— கதவு தட்டறாங்கடா. இரு.

— தெமெனுகா கண்ணு, நான்தான், கீழ்வீட்டு டோட்கா. நான் ஒண்ணும் கேக்க வரல கண்ணு. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டு கிண்ணம் கோதுமை வேகவச்சு, சீனி போட்டு, தெருவுக்கே குடுத்திருப்பேன்.

— சாவுக்குக் குடுக்கிற கோதுமையா? யாருக்கு அத்தை?

— உங்கப்பாவுக்குத்தான். வாசக்கதவுல கருப்பு வெள்ளை மூஞ்சி, சுத்திக் கருப்புக் கட்டம், 'இருபது வருஷம் லூபென் இல்லாம.' நம்ம ஊர்ல செத்தவங்களுக்கு வருஷா வருஷம் கதவுல, மரத்துல, பஸ் ஸ்டாப்புல ஒட்டறது அந்தத் தாளுதானே? நான் என் கையால கருப்பு ரிப்பன்கூடக் கட்டிவிட்டேன்.

— ஐயோ அத்தை. மை தீர்ந்துபோய்த்தான் கருப்புல போட்டேன். அவரு உயிரோடதான் இருக்காரு. இன்னைக்கு வர்றாரு.

— அப்படியா? அப்போ அந்த மனுஷன் யாரு?

— எந்த மனுஷன்?

— நான் குடிவந்து ஆறு வருஷம், அந்தப் படத்துல இருக்கிறது இளவயசு மூஞ்சி, உங்கப்பா இப்போ எப்படி இருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரோ பழைய கூட்டாளின்னு நெனச்சேன். பெட்டியைக் கீழ வச்சுட்டு அந்தத் தாள் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. தொப்பியைக் கழட்டினாரு. 'எப்போ செத்தாரும்மா?'ன்னாரு. 'இருபது வருஷம்னு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?'ன்னேன்.

— அதுக்கு?

— 'சரியாத்தான் போட்டிருக்காங்க'ன்னாரு. அப்புறம் அடுப்புல பால் பொங்கிச்சு, நான் உள்ள ஓடிட்டேன். நான் போறேன் கண்ணு, அந்த ரிப்பனை அவுத்துடறேன்.

— ஓக்னியான், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுடா. நான் அவரை சாகடிச்சுட்டேன்.

— இரு. படியில கேக்குது.

— என்ன கேக்குது?

— கால் சத்தம். ஒரு படி. நிக்குது. இன்னொரு படி. ரொம்ப நேரம் நிக்குது. மூணாவது மாடி வந்தாச்சு அக்கா.

— நீ போகணும்னா போ. போறப்போ கதவை மட்டும் திறந்து வச்சுட்டுப் போ.

— திறக்கறேன்.

— லூபென் வீடு இதுதானே? கீழ வாசல்ல பாத்தேன். அவனை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். நல்லவன்னு சொல்ல வரல. துக்கம் விசாரிச்சுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன், உக்காரக்கூட மாட்டேன்.

— பெட்டியை இப்படிக் குடுங்க, உள்ள வந்து உக்காருங்க. அவரு இன்னும் வரல. நானும் அக்காவும் அவருக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.