எமனுக்குப் போட்ட இலை

— இன்னும் ரெண்டு கரண்டி உளுந்தஞ்சோறு வைக்கச் சொல்லுதேன், அண்ணாச்சி. எமன் வேஷம் கட்டுத சுடலைவடிவு, இந்தத் தில்லைநாயகம் வீட்டுல அரை வயித்தோட எந்திரிச்சார்னா, டவுண் பூராவும் என்னைப் பாத்துச் சிரிக்கும்.

— போதும், பிள்ளைவாள். எமனுக்குத்தான் அம்புட்டு வயிறு. அதுலயும் பாதி தலகாணி.

— தலகாணியா?

— இலவம்பஞ்சுத் தலகாணி, ரெண்டு. வேட்டியை வச்சு இறுக்கிக் கட்டுனா எமன். அவுத்தா இந்த நோஞ்சான்.

— முந்தாநாள் கொட்டகையில நீங்க பாசக்கயித்தை வீசுனியளே, எனக்கு முன்னால இருந்த தாலுகா கச்சேரி குமாஸ்தா பெஞ்சோட சரிஞ்சு என் மடியில விழுந்தார். அது தலகாணின்னு அவருக்கு யாரு போயிச் சொல்ல?

— சொல்லிராதியும், வே. பயப்படுததுக்குத்தான டிக்கெட்டு வாங்குதான். நீரு பயப்படலியா?

— பயப்படுததுக்குத்தான ஊரூரா அலையுதேன். கேட்டியளா, சாத்தான்குளத்துல ஒரு கம்பெனி வந்திருந்தது. சத்தியநேசன்னு ஒருத்தர் இரணியன் வேஷம். அவரு குரலுக்கே தூணு ரெண்டாப் பொளந்திரும். மறுநா காலையில பனங்காட்டு வழியா நடந்து அவரைப் பாக்கப் போனேன். மனுசன் கட்டில் மேல ஏறி நிக்காரு. கீழ ஒரு கரப்பான்பூச்சி. ‘தம்பி, அதை அடிச்சிரும், பொறவு பேசுவோம்’ங்காரு.

— அடிச்சீரா?

— அடிச்சேன். நரசிம்மரே கொல்ல வந்த ஆளைக் காப்பாத்திவிட்டவன் நான் ஒருத்தன்தான்.

— ஹஹ. சோறு புரையேறிரும், வே, பைய.

— இதைக் கேளுங்க. போன வருஷம், ஜார்ஜ் ராசா முடிசூட்டுக்குப் பாளையங்கோட்டையில பயாஸ்கோப்புக் கூடாரம் போட்டான். ஒரு வெள்ளைக்காரன் இறக்கை வச்ச கப்பல்ல ஏறி நட்சத்திரத்துக்குப் போறான். அங்கன மீன் தலையும் மனுச உடம்புமா ஆளுக. எனக்கு வேர்த்து ஊத்துது. படம் முடிஞ்சதும் சனமெல்லாம் முன்வாசல் வழியாப் போகுது. நான் மட்டும் கூடாரத்துக்குப் பின்னால போயி நிக்கேன்.

— எதுக்கு?

— மீன்தலைக்காரரு வேஷத்தைக் கலைச்சிட்டு வெளிய வருவாருல்லா? ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான்.

— பிள்ளைவாள், அது படம்லா.

— இப்பத் தெரியுது. அன்னைக்கு ஒரு நாழிகை நின்னேன். அசன் மைதீன்னு படம் சுத்துத ஆளு, ஈரத்துணித் திரையை மடிச்சுக்கிட்டு வாராரு. ‘யாருக்கு வே நிக்கீரு’ன்னாரு. சொன்னேன்.

— சிரிச்சிருப்பாரு.

— சிரிக்கல, அண்ணாச்சி. ‘அவுகல்லாம் சீமையில இருக்காக. அவுக நிழலுதான் என் பெட்டிக்குள்ள வந்திருக்கு’ன்னாரு. கைப்பிடியைச் சுத்திச் சுத்திக் காச்சுப்போன கை. நிழலைச் சுத்துத கையையாவது தொட்டுக்கிடுதேன்னு அதைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். ஆனா நீங்க நிழலு இல்ல. என் வீட்டுல, என் கண்ணு முன்னால உக்காந்து சாப்பிடுதிய. எனக்கு இன்னும் நம்ப முடியல.

— எனக்குந்தான் நம்ப முடியல. இருபத்திரண்டு வருஷமா இந்த வேஷம். கிருஷ்ணன் வேஷக்காரனை வீட்டுக்கு வீடு விருந்துக்குக் கூப்பிடுதான். என்னைத் தெருவுல கண்டா கதவைச் சாத்துதான். கொட்டகையில கைதட்டுதவன்தான், வே. எமனை வீட்டுக்குள்ள யாரு விடுவான்? ஒரு வீட்டு இலையில உக்காந்து சாப்பிடுதது இன்னைக்குத்தான்.

— அந்தப் பெருமை எனக்கில்ல. என் வீட்டுக்காரி பிரம்மநாயகிக்குத்தான். என் கூத்துப் பைத்தியத்தைப் பத்து வருஷமாத் திட்டுதவ. உங்க பேரைச் சொன்னதும், ‘எமன் வேஷக்காரரா? நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க’ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

— தங்கச்சி மாசமா இருக்காப்புல இருக்கே.

— ஏழாம் மாசம்.

— என்ன வே இது, புள்ளத்தாச்சி இருக்குத வீட்டுக்கா என்னைக் கூட்டியாந்தீரு? மூத்தது எத்தனை?

— மூணு. ஒண்ணும் தங்கல. கடைசிப்பய பதினோரு மாசம் இருந்தான். நடக்கப் பழகுதான், அதுக்குள்ள காய்ச்சல். விடுங்க அண்ணாச்சி, சாப்பிடுத நேரத்துல எதுக்கு. ஏட்டி, பாயசம் எங்க?

— கொண்டாந்துட்டேன். அண்ணாச்சி, இலையில ஊத்தட்டா? உப்பு, புளியெல்லாம் சரியா இருந்துச்சா?

— அமிர்தமா இருந்துச்சு, தாயி. என் ஆத்தா கையில சாப்பிட்டதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் வயிறு நெறஞ்சிருக்கு.

— அவ கைப்பக்குவம் அப்படி, அண்ணாச்சி. வருஷா வருஷம் ஆனித் தேருக்குக் கம்பெனி இங்கன வரும்லா. இனிமே உங்களுக்குச் சாப்பாடு நம்ம வீட்டுலதான். சொல்லிட்டேன்.

— வராம இருப்பேனா? எனக்கும் திருநெல்வேலியில ஒரு வீடு இருக்குன்னு கம்பெனியில சொல்லிக்கிடுவேன். அந்தச் செம்பை இப்படித் தாரும், கை கழுவிக்கிடுதேன். மூணு மணிக்குப் பாலம் ஸ்டேஷன்ல ரயிலு. சரி தாயி, போயிட்டு வாரேன்.

— அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதிய.

— எப்படி?

— வாரேன்னு. போறேன்னு சொல்லுங்க. இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லுங்க.

— ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? விருந்துக்கு வந்த மனுசர்ட்டப் பேசுத பேச்சா இது?

— நீங்க சும்மா இருங்க. அண்ணாச்சி, எனக்கு நாடகமும் தெரியாது, பயாஸ்கோப்பும் தெரியாது. இந்த வீட்டுக்கு எமன் மூணு தரம் வந்துட்டான். அவன் முகத்தை நான் பாக்கல. பாத்திருந்தா காலைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். இருபத்திரண்டு வருஷமா நீங்க அவன் பேருல நிக்கிய. உங்க வாயால சொன்னா அவனுக்குக் கேக்கும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எங்க வீட்டு உப்பைத் தின்னுட்டிய. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

— அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய. அவ பயத்துல பேசுதா. நீங்க கண்டிப்பா வரணும்.

— வரக்கூடாது.

— ஏட்டி!

— சத்தம் போடாதியும், பிள்ளைவாள். அவ சொல்லுததுல தப்பு ஒண்ணும் இல்ல. எம்புட்டுப் பேரு கைதட்டியிருக்கான். என்னை எமன்னு மனசார நம்புனது இவ ஒருத்திதான். கண்ணைத் தொடைச்சுக்க, தாயி. இப்படி நிலைவாசல்ல வந்து நில்லு. எமன் சொல்லுததைக் கேட்டுக்க. ‘பிரம்மநாயகி, உன் இல்லத்து உப்பை உண்டேன். உன் வயிற்றில் இருப்பது உனக்கே. இனி எந்நாளும் இவ்வாசலுக்கு வாரேன்.’

— என்ன அண்ணாச்சி, மறுபடியும் வாரேன்னே சொல்லுதியளே.

— எமன் பேசுதது செந்தமிழு, தாயி. அதுல வாரேன்னா வரமாட்டேன்னு அர்த்தம், எந்த வாத்தியார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு. சுடலைவடிவு பேசுதது நம்ம திருநெல்வேலித் தமிழு. பிள்ளைவாள், ஆனித் தேருக்கு வாரேன்.