சாடியில் ஆடிய பெண்

நஸ்ரியை எனக்குப் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சேர். என் தங்கை பஹ்மியாவுக்கு அவனைப் பார்த்துக் கட்டிவைத்தவனே நான்தான். கின்னியாவிலிருந்து இருவரும் ஒரே படகில் சங்குக்குப் போவோம். அவன் கடலடிக்குச் சுழியோடுவான், நான் மேலே படகில் இருந்து காற்று மெசினைப் பார்ப்பேன். மெசினிலிருந்து குழாய் வழியாகத்தான் அவனுக்கு மூச்சு.

அந்தச் சாடியைத் துறைமுக வாயில் பக்கம் கடலடியிலிருந்து அவன்தான் எடுத்தான். மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் படம் தெரிந்தது: கையில் கிண்ணத்தோடு ஒரு தாடிக்காரன், அவனைச் சுற்றிக் குதிரை வால் முளைத்த கறுப்பு ஆண்கள், நடுவில் வெள்ளையாக ஒரு பெண். தலையைப் பின்னால் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தாள். போனில் தேடினேன். பழைய கிரேக்கரின் வைன் தெய்வமாம், அவன் கூட்டம் போடும் கூத்தாம். அதெல்லாம் எனக்கு எதற்கு? ஆடுகிறவள் யாருக்கும் பயப்படவில்லை. இந்த வயது வரை அப்படி ஒருத்தியை நான் கண்டதில்லை.

"மச்சான், இவளையே கலியாணம் முடிச்சிருங்க," என்று நஸ்ரி சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகுதான் சொன்னான், வாங்குகிற ஆளோடு பேசிவிட்டானாம். "முழுசாக் கொண்டுபோக ஏலாது, நேவி புடிப்பான். நாளைக்குக் கரையில மீன் வாடியில வெச்சு உடைச்சு, மீன் பெட்டியில அனுப்புவம்."

வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதுங்கள், எனக்கு வெட்கமில்லை.

"மண் சட்டிக்கு இவ்வளவு கதையா?" என்றான்.

மறுநாள் காலை அவன் சுழியோடியதும் மெசினை நிறுத்தினேன். கீழே ஏதும் பிழை என்றால் கயிற்றை இழுப்பது எங்கள் வழக்கம்; மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும். கயிறு இழுபட்டது. நான் தூக்கவில்லை. இடுப்பில் ஈயம் கட்டியிருந்தான், அதனால் அதிக நேரம் ஆகவில்லை. மெசின் பழுது என்று ஊரில் சொன்னேன். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வாங்குகிறவன் பிடிபட்டுச் சாடியைப் பற்றி வாயைத் திறந்திராவிட்டால் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. மனிதர்கள் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். பஹ்மியாவும் இப்போது பிள்ளைத்தாய்ச்சிதான். சாடியில் ஆடினவளை இனி யார் செய்து தருவது?

நஸ்ரியின் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்து சாடியைக் கழுவினேன். சங்கைக் கழுவுகிறமாதிரித்தான்: அசிட்டில் ஊறவைத்து, தூரிகையால் நன்றாகத் தேய்த்தேன். சிப்பி கழன்றது. வெள்ளையும் கழன்றது. அந்த நிறம் மேலே லேசாகப் பூசியது, அசிட் படவே கூடாது என்று உங்கள் தொல்பொருள்காரர் இப்போது வந்து சொல்கிறார். சங்கு கழுவுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? இப்போது வால்காரர்கள் மட்டும் வெறும் இடத்தைச் சுற்றி ஆடுகிறார்கள்.

பஹ்மியா வெளியே நிற்கிறாளாமே. அவளிடம் சாடியைக் காட்டுங்கள், சேர். அவள் புருஷன் உடைக்கப் பார்த்ததை, ஒரு கீறல்கூட விழாமல் நான் காப்பாற்றியிருக்கிறேன்.