நான் இந்த ரயிலில் இல்லை

“அக்கா, கொஞ்சம் மறைச்சு நில்லுங்க லா. நான் இந்த ரயில்லயே இல்ல.”

காலையில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறிய ஒரு பெண், என் குழந்தையின் தள்ளுவண்டிக்கு அருகில், உடன்வந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அடுத்த பெட்டியில் பள்ளிச் சீருடையில் அவள் மகள்.

“இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா ஸ்கூலுக்குப் போறா.”

“இதுக்குப் பேரு தனியாவா?”

“டோபி காட்ல லைன் மாறணும்க்கா. வழி தெரியாம நின்னுட்டா?”

“அவ யாரையாவது கேட்டுக்குவா. நீதான் முழிப்ப.”

நானும் ஒருநாள் இப்படித்தான் ஒளிந்திருப்பேனோ என்னவோ.

அவள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. படித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னவாம்?”

“‘அம்மா, அடுத்தது டோபி காட். நான் மாறிக்கிறேன். நீங்க இறங்காம அப்படியே வேலைக்குப் போங்க.’”

கதவு திறந்தது. மகள் இறங்கி, திரும்பிப் பார்க்காமலே கையசைத்தாள்.

அம்மா இறங்கவில்லை.