எடை மெஷினும் கிருத்திகை விரதமும்

...இல்ல, நீங்களே சொல்லுங்க, வயசுப் பொண்ணோட எடைய கிளாஸ் முன்னாடி சத்தம் போட்டுச் சொல்லலாமா? ஹெல்த் பீரியடாம்! மெஷினைத் தூக்கினு வந்து வெச்சு, ஒவ்வொருத்தியா ஏத்தி, "சினேகா, அறுபத்தெட்டு"ன்னு அந்தக் காஞ்சனா மிஸ்ஸு... கறிக்கடையில கூட இப்படிக் கூவ மாட்டாங்க.

கொஞ்சம் நவுந்து உக்காருங்க, காத்து வரட்டும். எங்க இறங்கறீங்க? மணவூரா? ஆங், ரயிலு அங்க போவ நேரம் இருக்கு. நாங்க திருவள்ளூரு. டாக்டர்கிட்ட. எதிர் சீட்ல ஜன்னலோரம் மூஞ்சியத் தூக்கி வெச்சினு இருக்குதே, அதான் எம்பொண்ணு சினேகா. கேட்டா கேக்கட்டுங்க, நான் என்ன பொய்யா சொல்றேன்?

நானும் கான்வென்ட்ல படிச்சவதாங்க. எங்க சிஸ்டருங்க நகம் பாப்பாங்க, பேன் பாப்பாங்க. பாவாடை முட்டிக்குக் கீழ வருதான்னு ஸ்கேல் வெச்சுப் பாப்பாங்க. எடை? மூச்! இப்போ போர்டுல தட்டு வரையறாங்க. பாதி காய், கால் பங்கு பருப்பு, கால் பங்கு சோறு. எங்க வீட்டுக்காரரு இவ நோட்டுல அந்தப் படத்தைப் பாத்துட்டு, "மீதி அடுப்புல இருக்குதா?"ங்கறாரு. அந்த மனுசனுக்கு எதுலதான் தமாஷ் பண்றதுன்னு விவஸ்தையே கிடையாது...

எங்க விட்டேன்? ஆங், எடை. அந்த வாரமே இவ வந்து, "அம்மா, கிருத்திகை விரதம் இருக்கப் போறேன்"னா. எனக்குப் பூரிச்சுப் போச்சு. நம்ம ஊரு முருகன், இருக்கட்டுமேன்னு விட்டேன். அப்புறம் சஷ்டின்னா. செவ்வாக்கிழமைன்னா. வெள்ளிக்கிழமைன்னா. காலையில எழுந்து படியேறி மலைக்குப் போவா, வந்து ஒரு தம்ளர் மோரு. அவ்வளவுதான். நான் தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன்... மத்ததுங்க போனை நோண்டிகினு இருக்குது, எம்பொண்ணைப் பாருங்கன்னு! பக்கத்து வீட்டு கோமளவல்லி இவ கையால விபூதி வாங்காத குறை.

நடுவுல காஞ்சனா மிஸ் போன் பண்ணாங்க. "சினேகா மதியம் சாப்பிடறதே இல்லைங்க, டப்பாவை அப்படியே மத்த பொண்ணுங்களுக்குக் குடுத்துடறா, கொஞ்சம் கவனிங்க"ன்னு. விடுவேனா? "இது சாமி விஷயம், நீங்க உங்க மெஷினோட நில்லுங்க"ன்னு இங்கிலீஷ்லயே குடுத்தேன். அந்தம்மா போனை வெச்சுட்டாங்க.

போன வெள்ளிக்கிழமை இவ மலைப்படியில மயங்கி விழுந்துட்டா. பூ விக்கறவங்க தண்ணி தெளிச்சு உக்கார வெச்சிருக்காங்க. நான் ஓடறேன், புடவை தடுக்குது, போய் கையைத் தொட்டா ஜில்லுனு... முருகா, எம்பொண்ணு போய்ட்டான்னே நெனைச்சேன்.

வீட்டுக்கு வந்து என்ன சொல்றா தெரியுமா? சாமியே கும்பிடலியாம்! ஏறறது, இறங்கறது, திரும்ப ஏறறது. சன்னதிக்குள்ள காலே வெக்கலியாம். உடம்பு இளைக்கணுமாம். பட்டினின்னா நான் தட்டோட பின்னாடியே வருவேன், விரதம்னா வர மாட்டேன்ல? எப்படி மூளை பாருங்க!

"எல்லாம் அந்த மிஸ்ஸாலதான, வாடி, ஸ்கூலுக்குப் போய் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்"னேன். அதுக்கு இவ, "மிஸ் சொன்னப்போ யாரும் சிரிக்கலம்மா. திலீப் பாவா நிச்சயதார்த்தத்துல நீ சொன்னப்போதான் எல்லாரும் சிரிச்சாங்க"ங்கறா.

என்ன பெருசா சொல்லிட்டேன்? திலீப்பு எங்க அண்ணன் பையன், எல்லாம் நம்ம ஜனம். போட்டோ எடுக்க இவ மேடை ஏறுனா. "பாத்துடி, பலகை தாங்காது"ன்னேன். தமாஷுக்குங்க! நான் பெத்த பொண்ணை நான் சொல்லக் கூடாதா? இப்போ கூடப் பாருங்க, இத்தனை பட்டினி கெடந்தும் அந்தக் கன்னம் ரெண்டும் பூரி மாதிரியே...

ஏங்க, எங்க எழுந்துட்டீங்க? மணவூரு இன்னும் வரலியே. ஓ... அங்க உக்காரணுமா? அவ பக்கத்துலயா? உக்காருங்க. அவ பேச மாட்டா, இப்பவே சொல்லிட்டேன்.

அது என்ன, டப்பாவா? இட்லியா? ஐயோ, காலையில நான் கெஞ்சோ கெஞ்சுன்னு கெஞ்சினேங்க, தொடல. நீங்க ஒரு வார்த்தை பேசாம பிட்டு நீட்டறீங்க, இவ பாட்டுக்கு வாங்கறா... ஏய் சினேகா, அதுல எண்ணெ...

சரி, சரி. முறைக்காதீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இதோ, அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், போதுமா?

...சாப்பிடறாளா?

வாணாம். சொல்லாதீங்க.