எழுதாத வார்டு

— அந்தப் பாரத்த மடிக்காத நாகேந்திரா. எழுது. டி.பி. வார்டுன்னு எழுது.

— மாமா, மெள்ள பேசு. பக்கத்து ரூம்ல டாக்டருங்க இருக்காங்க.

— கேக்கட்டும். அக்கா புருசன் சிட்டிபாபு, டாக்டருக்குப் படிச்ச மச்சான் கால்ல வுழறான்னு திருப்பதியே கேக்கட்டும்.

— அய்யோ, எழுந்திரு மாமா. மொதல்ல எழுந்திரு.

— நீ எழுதுனாத்தான் எழுந்திருப்பேன். இத பாரு, வருசம் முச்சூடும் அவுங்க போட்ட வார்டுல வேல செஞ்ச. கடைசி மூணு மாசம் நாமளே புடிச்சத கேட்டு வாங்கிக்கலாம்னு நீதான சொன்ன?

— ஆமா. அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும். நான் ஹார்ட் வார்டு கேக்கப் போறேன். பெரிய டாக்டர்கிட்ட சொல்லியும் வச்சிட்டேன்.

— ஹார்ட்டாம் ஹார்ட்டு! உங்க அக்கா ரத்னம்மா ரத்தமா துப்பிக்கினு கீறா. டி.பி.ன்னு சொன்னதே நீதான். எங்கம்மா அவள மாட்டுக்கொட்டாயில படுக்க வச்சிட்டா. பாப்பா வாசப்படியில நின்னுக்கினு அழுவுது, இவ அங்கேர்ந்தே கைய ஆட்டுறா. எனுக்குப் பாக்க முடியல மச்சான்.

— தெரியும் மாமா.

— தெரிஞ்சுமா கல்லாட்டம் உக்காந்துக்கினு கீற?

— ஆபீஸ்ல பெட்டு கேட்டியே, இன்னா சொன்னாங்க?

— இன்னா சொல்லுவான்! "மீ ஊரு ஏப்ரல்லோ மெட்ராஸ்கி போயிந்தி, அக்கடிகே போண்டி"ன்றான் கிளார்க்கு. நம்ம ஊரு ஏப்ரல்ல ஆந்திராவ உட்டு மெட்ராஸ் பக்கம் போயிடுச்சாம், அங்கியே போவணுமாம். மெட்ராசுக்குப் போனா, உங்க ஊரு ரெக்கார்டு இன்னும் சித்தூர்லேர்ந்து வரல, அங்கியே போன்றான். கோடு கிழிச்சு ஊரப் பிரிச்சானுங்களே, இருமுறவள எந்தப் பக்கம்டா வச்சானுங்க?

— அதுக்குத்தான் மாமா, நானே அலைஞ்சு அக்கா பேர லிஸ்டுல ஏத்திட்டேன். மொதப் பேரு அக்காதான். திங்கக்கிழம ஒரு பெட்டு காலியாவுது. கூட்டிக்கினு வந்துடு.

— உகாதிக்கு முன்னாடியும் இதையேதான் சொன்ன. மொதப் பேருன்ன. எவனோ கான்ட்ராக்டரோட மாமியார் வந்தா, அவ பெட்டுல, இவ கொட்டாயில. நீ உள்ள இருந்தா எவன் வந்து தள்ளுவான், சொல்லு? நீயே அந்த வார்டு டாக்டரா இருந்தா?

— நான் அங்க போவக் கூடாது மாமா.

— ஏன் கூடாது? ஒட்டிக்கும்னு பயமா? நைனா போனப்புறம் உன்ன இடுப்புல வச்சு வளத்தவடா அவ. ஹாஸ்டல்ல நீ பட்டினி கெடப்பேன்னு வேர்க்கடலய வறுத்து வறுத்து டப்பாவுல அனுப்பிக்கினே இருந்தாளே, மறந்துட்டியா?

— மறக்கல. பயமும் இல்ல.

— அப்ப பேருக்குத்தான். பெரிய ஹார்ட்டு டாக்டர்னு வாசல்ல போர்டு தொங்கணும். அக்கா செத்தா இன்னா, இருந்தா இன்னா! தூ! உன்ன மச்சான்னு சொல்லிக்கவே வெக்கமா கீது.

— திட்டு மாமா. இன்னும் நல்லா திட்டு. திங்கக்கிழம காலையில அவள வண்டி வச்சு கூட்டிக்கினு மட்டும் வந்துடு. உன்ன கையெடுத்துக் கும்புடறேன்.

— உன் கும்புடு யாருக்கு வேணும்? குடு அந்தப் பாரத்த. நானே எழுதறேன். எனுக்கும் நாலு எழுத்து வரும்.

— மாமா, வேணாம்! உடு! உடு மாமா... சொல்லிடறேன். உக்காரு, சொல்லிடறேன். அந்த வார்டு கேக்குற டாக்டருக்கெல்லாம் மொதல்ல நெஞ்ச எக்ஸ்ரே எடுப்பாங்க.

— எடுக்கட்டுமே. அதுக்கா இவ்ளோ ரோதன?

— ரெண்டு மாசமா எனுக்கும் சாயங்காலமானா காய்ச்சல் மாமா. போன வாரம் இருமுனப்ப கைக்குட்டையில ரத்தம்.

— நாகு... டேய், இன்னாடா சொல்ற?

— யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரேல தெரிஞ்சுடும். இங்க வேல செய்ற டாக்டருக்கு வந்துச்சுன்னா, லிஸ்டு கிஸ்டு எல்லாம் அப்புறம். திங்கக்கிழம காலியாவுற அந்த ஒரே பெட்டுல அக்காவ இல்ல மாமா, என்னத்தான் போடுவாங்க.